பாட்டிலா, பூந்தொட்டியா: புதைத்த விதைகளின் கதை

மண்ணுக்குள் போன விதை எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும்? அமெரிக்காவில் இரண்டு பேர் இதைச் சோதிக்க விதைகளையே புதைத்து வைத்தார்கள். 1879இல் மிச்சிகன் வேளாண் கல்லூரியில் வில்லியம் பீல், இருபதுக்கும் மேற்பட்ட வகைகளில் தலா 50 விதைகளை ஈர மணலோடு கலந்து, 20 பாட்டில்களில், தண்ணீர் தேங்காதபடி வாயைக் கீழ்நோக்கிப் புதைத்தார். 1902இல் அரசு வேளாண் துறையின் விதை ஆய்வாளர் டுவெல், வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் 107 இனங்களைப் பூந்தொட்டிகளில் மண்ணோடு கலந்து 8, 22, 42 அங்குலம் என்று மூன்று ஆழங்களில் வைத்தார்.

விதைப் பரிசோதனைக்காரர் கண்ணால் பார்த்தால் டுவெல்தான் மேல் என்பேன். ஆழம் கூடினால் என்ன ஆகிறது என்று பீலின் பாட்டில் சொல்லாது, கண்ணாடிக்குள் இருக்கும் மணல் வயல் மண்ணும் ஆகாது. ஆனால் ஆர்லிங்டன் நிலம் ராணுவத்துக்குத் தேவைப்பட்டதால் 1941லேயே எல்லாவற்றையும் தோண்டி முடிக்க வேண்டியதாயிற்று. அப்போதும் 36 இனங்கள் முளைத்தன. அந்தக் கடைசி முடிவுகளை 1946இல் எழுதி வெளியிட்டவர்கள் டூலும் எட்கர் பிரவுனும். ஒருவர் புதைத்ததை வேறு இருவர் எழுதி முடித்தார்கள், அரசு ஆய்வகத்தில் வேலை அப்படித்தான் கைமாறும்.

சரி, பீலின் பாட்டில்கள்? 2021இல் அவற்றில் ஒன்றை, வெளிச்சம் படக்கூடாது என்று இருட்டோடு தோண்டி எடுத்தார்கள். 142 வருஷத்துக்குப் பிறகும் வெர்பாஸ்கம் என்ற களைச்செடி முளைத்தது! அடுத்த பாட்டில் 2040இல்.