1834ஆம் வருட ஐந்து டாலர் தங்கக் காசு: வாங்கி வைத்துப் பார்த்ததில்

ஆச்சி விட்டுப்போன சவரன் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டது. தங்கக் காசு என்றால் அதில் ஒரு ராஜா இருப்பார் என்று சின்ன வயதிலேயே மனதில் பதிந்துவிட்டது. சவரன் என்ற பெயரே அரசரைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்ததுதானே. அதனால் அமெரிக்காவின் பழைய ஐந்து டாலர் காசு கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதை ஆச்சியின் சவரனுக்குப் பக்கத்தில் வைத்தேன். 'ஹாஃப் ஈகிள்' என்று சொல்வார்களே, அந்தக் காசு.

அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சவரன் 7.98 கிராம், இது 8.36. மாற்று மட்டும் கொஞ்சம் குறைவு. சவரன் 22 காரட், இது ஏறத்தாழ 21.6. ஆனால் தலைப் பக்கத்தில் ராஜாவும் இல்லை, ஜனாதிபதியும் இல்லை. ஒரு பெண். கூந்தலைச் சுற்றிக் கட்டிய நாடாவில் 'லிபர்ட்டி', அதாவது சுதந்திரம் என்று எழுதியிருக்கிறது.

இது 1792ஆம் வருட நாணயச் சட்டத்தில் முடிவான விஷயம். காசில் ஜனாதிபதியின் தலையைப் போடலாம் என்று செனட் அனுப்பிய மசோதாவைப் பிரதிநிதிகள் சபை திருத்தி, சுதந்திரத்தைக் குறிக்கும் உருவம்தான் வேண்டும் என்று மாற்றியது. ராஜாவிடமிருந்து பிரிந்து வந்தவர்கள் இன்னொரு தலையைக் காசில் ஏற்றத் தயாராக இல்லை. பூப் பக்கத்தில் கழுகு இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

முதல் தங்கக் காசுகள் 1795இல் வந்தன. ராபர்ட் ஸ்காட் வரைந்தவை. அவற்றைக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறேன். விலை என் கைக்கு எட்டாது. அந்தப் பெண் உயரமான துணித் தொப்பி போட்டிருப்பாள். அது விடுதலை பெற்ற ரோமானிய அடிமை அணியும் தொப்பியா, அந்தக் காலத்துப் பெண்களின் நாகரிகத் தொப்பியா என்று சேகரிப்பவர்கள் இன்னும் பேசுகிறார்கள். மாநிலத்துக்கு ஒன்றாக 15 நட்சத்திரங்கள். டென்னசி சேர்ந்ததும் 16 ஆக்கினார்கள். இப்படியே போனால் இடம் போதாது என்று பிறகு 13க்கே திரும்பிவிட்டார்கள். அப்புறம் வந்த, மார்பில் கேடயம் தாங்கிய கழுகில் ஸ்காட் அம்புகளை வலது காலிலும் ஆலிவ் கிளையை இடது காலிலும் கொடுத்தார். அரசு முத்திரையில் இருப்பதற்கு நேர்மாறு. 1807இல் புது வடிவம் வரைந்த ஜான் ரைக் ஆலிவ் கிளையை வலது காலுக்கே கொண்டுவந்தார். காசில் '5 டி' என்று மதிப்பும் அப்போதுதான் ஏறியது. அதுவரை எடையும் மாற்றும்தான் மதிப்பு.

சரி, என் காசுக்கு வருகிறேன். வில்லியம் நீஸ் வடித்தது. தொப்பி போய், சுருள் முடியும் நாடாவும் மட்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் காதுக்கு மேலே உள்ள சுருள்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. காதுக்குக் கீழே தொங்கும் முடியில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிகிறது. நீராவி அச்சு 1836இல்தான் வந்தது. இது பிலடெல்பியாவில் ஆட்கள் திருகு அச்சைக் கையால் சுழற்றி அடித்த காசு.

எனக்கு மிகவும் பிடித்தது பூப் பக்கம். கழுகின் தலைக்கு மேலே வெறும் இடம். முந்தைய காசுகளில் அங்கே 'பலவற்றிலிருந்து ஒன்று' என்று பொருள்படும் லத்தீன் வாசகம் ஓடும். பழைய காசில் இருந்த தங்கம் ஐந்து டாலரை விட அதிக மதிப்பு என்பதால் அவை புழக்கத்தில் நிற்காமல் வெளிநாட்டுக்கும் தங்கம் உருக்கும் பட்டறைக்கும் போய்க்கொண்டிருந்தன. 1834 சட்டம் தங்கத்தைக் குறைத்தது, ஒரு காசுக்கு அரை கிராம் அளவில். புதுக் காசைப் பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்காக வாசகத்தை எடுத்துவிட்டார்கள். அந்த வெற்றிடத்தை விரலால் தடவும்போதெல்லாம் அன்றைய கடைக்காரர் ஒருவர் முதலில் அங்கேதானே பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு: 1834இல் ஆறு லட்சத்துக்கும் மேல் அடித்தார்கள், அதனால் தேடினால் கிடைக்கும். அதிலுள்ள தங்கத்தின் விலையைப்போல ஒன்றேமுக்கால் மடங்கு கொடுத்தேன். இதற்கு முன் வேறொரு கடை அனுப்பிய காசு பளபளவென்று இருந்தது. விளக்கின் கீழ் சாய்த்ததும் முகம் முழுக்க ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். யாரோ தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். திருப்பி அனுப்பிப் பணம் வாங்க மூன்று வாரம் அலைந்தேன். நேராகப் பிடித்த படத்தில் இது தெரியாது, சாய்வு வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். இப்போது என்னிடம் இருப்பது மங்கலான மஞ்சள், எழுத்துகளின் ஓரத்தில் அழுக்கு தங்கியிருக்கிறது. அதைத் துடைக்காதீர்கள்.

தரம் பார்க்கும் நிறுவனங்கள் சோதித்து மூடிய பிளாஸ்டிக் உறையில் வராத காசாகத் தேடி எடுத்தேன். போலி பயம் இருப்பவர்கள் உறையோடு வாங்குவதுதான் நல்லது. ஆனால் உறைக்குள் விளிம்பின் வரிகளைச் சரியாகப் பார்க்க முடியாது, எடை போடவும் முடியாது. என் தராசில் 8.31 காட்டியது. தேய்ந்த காசுக்கு அது சரியான கணக்கு.