பெயருக்கு ஒரு சட்டம், படத்துக்கு ஒரு சட்டம்: வணிகக்குறியா, பதிப்புரிமையா?

மசாலாத் தூள் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் நம் கண்ணுக்கு அது ஒரே பொருள். சட்டத்தின் கண்ணுக்கு அப்படி இல்லை. மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் பெயர், டிரேட்மார்க் என்று நாம் சொல்லும் வணிகக்குறிக்கான 1999-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வருகிறது. பக்கத்தில் தோகை விரித்து நிற்கும் மயிலோ, அந்தச் சட்டத்துக்குள்ளும் வரலாம். கலைப்படைப்பு என்ற முறையில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்குள்ளும் வரும். இந்த வேறுபாடு தெரியாமல், "லோகோவுக்கு காப்பிரைட் வாங்கியாயிற்று, இனி இந்தப் பெயர் நம்முடையது" என்று சிறு தொழில்முனைவோர் நிம்மதியாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது.

பெயருக்குப் பதிப்புரிமை கிடையாது. ஒரு திரைப்படத் தலைப்பு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் இதைத் தெளிவாகவே சொன்னது. ஆகவே போட்டியாளர் உங்கள் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு மயிலுக்குப் பதிலாக யானையை வரைந்துவிட்டால், பதிப்புரிமைச் சான்றிதழ் உங்களுக்கு எந்த வகையிலும் உதவாது. வணிகக்குறிச் சட்டமோ ஒரே பெயரை மட்டுமல்லாமல், ஓசையிலும் தோற்றத்திலும் வாங்குபவரைக் குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கும் பெயரையும் தடுக்கிறது.

அதற்காக வணிகக்குறி எல்லாப் பெயரையும் காக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. நூடுல்ஸ் பாக்கெட்டில் 'மேஜிக் மசாலா' என்ற சொற்களுக்கு உரிமை கோரிய ஐ.டி.சி. நிறுவனம், 'மேஜிக்கல் மசாலா' என்று எழுதிய நெஸ்லேவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூனில் தள்ளுபடி செய்தது. புகழ்ச்சியாகவும் பொதுவாகவும் வழங்கும் சொற்களை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்பதே அதன் சாரம். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும், 'பிளெண்டர்ஸ் பிரைடு' விஸ்கியின் உரிமையாளரான பெர்னோ ரிக்கார்ட் நிறுவனம், 'லண்டன் பிரைடு' என்ற பெயருக்குத் தடை கேட்ட வழக்கில் இதே திசையில் சென்றது. குறியை முழுமையாகப் பார்க்க வேண்டுமே தவிர, அதிலிருந்து 'பிரைடு' என்ற ஒரு சொல்லைப் பிய்த்தெடுத்து ஒப்பிடக் கூடாது என்று அது சொன்னது. இந்தத் தீர்ப்புகளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: பெயர் எவ்வளவு சாதாரணமோ, அவ்வளவுக்குப் படம் முக்கியமாகிறது. 'சுத்தமான', 'நாட்டு', 'பாரம்பரிய' போன்ற சொற்களால் பெயர் சூட்டியவருக்குப் பதிப்புரிமை வெறும் அலங்காரம் அல்ல, உண்மையான துணை.

செலவில் பலர் ஏமாறுகிறார்கள். பொருள்களோடு பயன்படக்கூடிய கலைப்படைப்பைப் பதிய அரசுக் கட்டணம் 2,000 ரூபாய். தனிநபரோ சிறு நிறுவனமோ வணிகக்குறிக்கு இணையவழியில் விண்ணப்பிக்க, ஒரு வகுப்புக்கு (அதாவது சட்டம் வகுத்த ஒரு பொருள் அல்லது சேவைப் பிரிவுக்கு) 4,500 ரூபாய். முதலாவது மலிவாகத் தெரிகிறது. ஆனால் அத்தகைய படைப்பைப் பதிய, அதே போன்ற வணிகக்குறி வேறு எவர் பெயரிலும் இல்லை என்று வணிகக்குறிப் பதிவாளரிடம் சான்று பெற வேண்டும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு. அந்தச் சான்றுக்கு இணையவழிக் கட்டணமே 9,000 ரூபாய்.

உரிமை யாருடையது என்ற கேள்வியில்தான் பதிப்புரிமை அதிகம் சிக்கலாகிறது. வணிகக்குறிச் சட்டம், குறியைச் சந்தையில் பயன்படுத்துபவர் யார் என்று பார்க்கிறது. பதிப்புரிமைச் சட்டம், வரைந்தவர் யார் என்று கேட்கிறது. உங்கள் சம்பளப் பட்டியலில் உள்ள ஊழியர் பணியின்போது வரைந்தால், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை உங்களுடையது. வெளியிலிருக்கும் டிசைனருக்கு ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டு வாட்ஸ்அப்பில் கோப்பை வாங்கிக்கொண்டால், உரிமை உங்களுக்கு வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. கையொப்பமிட்ட உரிமை மாற்று ஆவணம் வேண்டும். அந்த ஆவணத்திலும் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் மட்டுமே என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே என்றும் 19-ஆம் பிரிவு கொள்கிறது. ஆறாவது ஆண்டில் மலேசியாவுக்கு ஏற்றுமதி தொடங்கும் வணிகருக்கு இந்த இரண்டு வரிகள் இல்லாமல் போவது எத்தனை பெரிய இழப்பு!

செயற்கை நுண்ணறிவு வரைந்த லோகோவில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. படைப்பாளி மனிதராகவே இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. நம் சட்டம் கணினியால் உருவான படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரையே படைப்பாளியாகக் கொள்கிறது என்றாலும், இன்றைய கருவிகளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. அத்தகைய லோகோவை வைத்திருப்போர் வணிகக்குறிப் பதிவையே நம்பலாம் என்பது என் கருத்து. அங்கே வரைந்தவர் யார் என்ற கேள்வியே எழுவதில்லை.

போலிச் சரக்கைப் பிடிப்பதிலோ பதிப்புரிமைக்கே வேகம் அதிகம். அதன் கீழ் காவல் உதவி ஆய்வாளரே பிடியாணையின்றிப் போலிப் பிரதிகளைக் கைப்பற்றலாம். இக்குற்றத்தில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்றும் உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதிசெய்தது. வணிகக்குறிச் சட்டத்தின் கீழ் குறைந்தது துணைக் கண்காணிப்பாளர் வர வேண்டும்; சோதனைக்கு முன் பதிவாளரின் கருத்தையும் அவர் பெற வேண்டும். அதற்குள் கிடங்கு காலியாகிவிடக்கூடும்.

ஆகவே பெயரை எழுத்துக்குறியாக, அதாவது படமின்றி வெறும் சொல்லாக, முதலில் பதிந்து, டிசைனரிடம் ஆவணம் வாங்கி, பிறகு படத்துக்குப் பதிப்புரிமை எடுப்பதே சரியான வரிசை என்பேன். படத்தின் பதிப்புரிமை, வரைந்தவர் மறைந்த பின் 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். வணிகக்குறியைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஆனால் தொடர்ந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் அதை நீக்கக் கோர மற்றவருக்கு வழி உண்டு. பதிவு செய்தவரைவிட முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருபவருக்கு வணிகக்குறிச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருவதால், அந்தப் பெயரில் போட்ட முதல் பில் புத்தகத்தைக் கரையான் அரிக்காமல் இன்றே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.