அச்சடிச்ச கன்வஸ், காயாத எண்ணெய்: உருவப்பட வகுப்புக்குக் காசு கட்ட முதல் வாசியுங்கோ

யாழ்ப்பாண நகரில ஒரு இடத்தில, மூண்டு மாசத்தில மறுமலர்ச்சிக்கால உருவப்படம் கீறப் படிப்பிக்கிறம் எண்டு சொல்லி 30,000 ரூபாவை முழுசா முதலே வாங்கினவை. பார்த்துக் கீறத் தந்தது இத்தாலிய ஓவியர் ரஃபாயேல் 1514–15இல வரைஞ்ச, கஸ்திலியோனே எண்ட எழுத்தாளரின்ர உருவப்படம். படம் அருமையான தெரிவுதான். சாம்பல், கறுப்பு, மண்ணிறம், வெள்ளை எண்டு நிறம் குறைவு. முகத்தில வெளிச்சம் எப்பிடி இறங்குது எண்டு படிக்க வசதி. பிறகு வந்த பெரிய ஓவியர் ரூபென்ஸே அதைப் பார்த்துக் கீறினவர்.

ஆனா தந்த கன்வஸில படம் மங்கலா அச்சடிச்சிருந்தது. அதுக்கு மேல நிறம் நிரப்பினால், கண்ணுக்கும் மூக்குக்கும் எவ்வளவு இடைவெளி, தலை எந்தப் பக்கம் சாயுது எண்டு கை ஒருநாளும் பழகாது. பூதக்கண்ணாடியால பாருங்கோ, சின்னச் சின்ன மைப்புள்ளி தெரிஞ்சால் அது அச்சு.

பெரிய அநியாயம் நிறத்தோட கலக்கிற எண்ணெய்தான். லின்சீட், அதாவது ஆளிவிதை எண்ணெய் எண்டு சொல்லி, பேர் ஒட்டாத போத்தில்ல தந்தவை. ஆறு கிழமை கழிஞ்சும் படத்தில கன்னத்தில விரல் வைச்சால் ரேகை அப்பிடியே பதிஞ்சது. "வெயில்ல வையுங்கோ, காயும்" எண்டதுதான் பதில். ஆளிவிதை எண்ணெய் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயிறதில்லை. காத்தில இருக்கிற ஒட்சிசனை எடுத்து இறுகிறது. தேங்காயெண்ணெய் எத்தினை வருசம் வைச்சாலும் அப்பிடி இறுகாது. கண்ணாடித் துண்டில ஒரு சொட்டை மெல்லிசாப் பூசித் தூசி படாமல் வையுங்கோ. நல்ல லின்சீட் ஒண்டு ரெண்டு கிழமைக்குள்ள இறுகும், மாரியில கொஞ்சம் பிந்தும். அந்தப் போத்தில் எண்ணெய் ஒரு மாசத்துக்குப் பிறகும் வழுவழு எண்டு கிடந்தது.

பூசுற ஒழுங்கும் தலைகீழ். முதல்ல அம்பர் எண்ட மண்ணிறத்தை ரேப்பன்ரைனில (நிறத்தைத் தண்ணியாக்கிற கரைப்பான்) கரைச்சு மெல்லிசா நிழல் போடவேணும்; அதில மங்கனீசு இருக்கிறதால கெதியாக் காயும். எண்ணெய் கூடின பூச்சு மேல மேலதான் வரவேணும். இவை கறுப்பை எண்ணெய் விட்டுத் தடிப்பா அடியில பூசுவிச்சினம். கறுப்பு காய நாள் எடுக்கும். மேல் பூச்சு முந்திக் காஞ்சு உடுப்புப் பக்கம் வெடிச்சுப்போச்சு. அதுக்கு மேல எட்டாம் கிழமையே வார்னிஷ். டமார் எண்ட மரப்பிசின் வார்னிஷுக்கு ஆறு மாசமாவது பொறுக்கவேணும்.

காசைத் திருப்பிக் கேட்டால் பற்றுச்சீட்டைக் காட்டட்டாம். அதைத் தந்ததே இல்லை. சேருறதெண்டால் மாசாமாசம் கட்டுங்கோ, கட்டின உடனே துண்டு எழுதி வாங்குங்கோ. கன்வஸையும் எண்ணெயையும் நீங்களே கொண்டுபோங்கோ. அதுக்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில சேராதேங்கோ.