பச்சைக் கோடு லேசர் மட்டம்: ஒன்றரை வருஷம் சைட்டில் வைத்துப் பார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுவரில் பச்சை வெளிச்சத்தால் மட்டக் கோடு போட்டுக் காட்டும் இந்தப் பெட்டி நல்ல பெட்டிதான். சின்னச் சின்ன காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர்கள் தைரியமாக வாங்கலாம். ஆனால் யூடியூபில் பார்த்தால் சுத்தமான ரூமில், டேபிள் மேல் வைத்து, லைட்டை அணைத்துவிட்டு ஆன் செய்து காட்டுகிறார்கள். சைட்டில் அப்படி ஒரு டேபிள் ஏது? கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பா, இல்லையென்றால் நாலு சாலிட் பிளாக் அடுக்கி அதன் மேல். அங்கே வைத்துப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

நான் திருப்பத்தூர்ப் பக்கம். பெங்களூரு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. சித்தப்பாவிடம் கையாளாகச் சேர்ந்து, கலவை சுமந்து, கரண்டி பிடித்து, இப்போது ராமமூர்த்தி நகர், ஹொரமாவு பக்கம் 30க்கு 40 அடி மனையில் வீடு கட்டிக் கொடுக்கிறேன். ஒரு நேரத்தில் ரெண்டு வேலை, மிஞ்சினால் மூணு. மேஸ்திரி என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன், காண்ட்ராக்டர் சார் என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன், பின்னதில் கூப்பிட்டால் ஏதோ தள்ளுபடி கேட்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

வாங்கியது எஸ்.ஜே.பி. ரோட்டில். கம்பெனி பேரை எழுதி பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் அந்த ஒரு கடையிலேயே அச்சு அசலாக ஒரே பெட்டி மூணு ஸ்டிக்கரில் இருந்தது, விலை மட்டும் ஆயிரம் ஆயிரமாக ஏறியது. நான் எடுத்தது 12 லைன், 6,800 ரூபாய், ஸ்டாண்டுக்குத் தனியாக 900. 12 லைன் என்றால் பன்னிரண்டு கோடு எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். சுவரைச் சுற்றி படுக்கையாக ஒரு வட்டம், நெட்டாக ரெண்டு வட்டம், அவ்வளவுதான். 16 லைனில் கீழே தரையை ஒட்டி இன்னொரு படுக்கைக் கோடு கூட வரும். டைல்ஸ் வேலை மட்டும் செய்கிறவர்கள் அதை எடுங்கள். எனக்குப் பூச்சு, லிண்டல், சீலிங் எல்லாம் வேண்டும், 12 போதும் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உள்ளே ஒரு ஊசல் தொங்குகிறது, அது தானாக நின்று மட்டம் பார்த்துக்கொள்கிறது. மூணு நாலு டிகிரி சாய்வு வரை அதுவே சமாளிக்கும். அதற்கு மேல் சாய்ந்தால் கோடு விட்டு விட்டு மின்னும், கீ கீ என்று கத்தும். தூக்கிக்கொண்டு போகும்போது லாக் போட வேண்டும், போடாவிட்டால் பைக் டிக்கியில் ஊசல் அடித்துக்கொண்டே வரும். ஹொரமாவு ரோட்டுக் குழிகளில் நம் எலும்பே இடம் மாறுகிறது, ஊசல் எம்மாத்திரம்.

முன்னாலெல்லாம் டியூப் மட்டம்தான். தெரியாதவர்களுக்கு: நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். "நிக்குதா?" "ஆடுது." "நிக்குதா?" "இரு ணா." நடுவில் ஒரு நீர்க்குமிழி மாட்டிக்கொண்டால் போச்சு, மட்டம் தப்பாகக் காட்டும், குழாய் முழுக்க விரலால் சுண்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு மாடி முழுக்க மீட்டர் லெவல், அதாவது ஒரு மீட்டர் உயரத்தில் சுவரைச் சுற்றி மட்டக் கோடு, அடிக்க ரெண்டு ஆளுக்கு அரை நாள். பெட்டி வந்த பிறகு அதே வேலை ஒரு ஆளுக்கு அரை மணி நேரம். கொத்தனார் கூலி இன்றைக்கு இருக்கிற நிலையில் இந்த ஒரு கணக்கிலேயே ரெண்டாவது வீட்டில் போட்ட காசு வந்துவிட்டது.

துல்லியம் பற்றி அட்டைப் பெட்டியில் 10 மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. நம் பாஷையில் முப்பது அடி சொச்சத்துக்கு ஒரு நூல். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். டைல்ஸ் ஒட்ட வருகிற பீகார்ப் பையன்கள் இதையே சூத் என்கிறார்கள், அதற்கும் நூல் என்றுதான் அர்த்தமாம். எனக்கு ஹிந்தி அரைகுறை, அவர்களுக்குத் தமிழும் கன்னடமும் சுத்தமாக வராது, ஆனால் "தோ சூத் நீச்சே", ரெண்டு நூல் கீழே, என்றால் ரெண்டு பேருக்கும் புரிந்துவிடும். வேலை சரியாக ஓடுகிற நாளில் பேச்சே அவ்வளவுதான்.

சரி, துல்லியம் என்றேனே. ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். மூணாவது மாசமோ நாலாவது மாசமோ, முதல் மாடியில் பூச்சுக்குப் புல்மார்க் (பூச்சு எவ்வளவு கனம் வர வேண்டும் என்று முன்கூட்டியே சுவரில் வைக்கும் சின்னக் கலவைத் திட்டு) வைத்துக்கொண்டிருந்தோம். சித்தப்பாவுக்கு இந்தப் பெட்டி மேல் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை, அவர் குழாயைப் பிடித்து மீட்டர் லெவலைச் சரிபார்த்துவிட்டு, "ஏம்பா, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மூணு நூல் ஏறுதே" என்றார். நான் சிரித்தேன். சித்தப்பா, இது மெஷின், உங்கள் குழாயில் குமிழி இருக்கும் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் குழாயைக் கொட்டி, புதுத் தண்ணீர் நிரப்பி, சுண்டிச் சுண்டி இறக்கி, மறுபடி பிடித்தார். மூணு நூல். அப்போதுதான் மூலையில் நின்ற பையன், நேற்று சாயங்காலம் பெட்டி ஸ்டூலிலிருந்து விழுந்தது ணா, உடையவில்லை, அதனால்தான் சொல்லவில்லை என்றான். நாலு ரூமில் வைத்த புல்மார்க் எல்லாவற்றையும் கொத்தி எடுத்தோம். அன்றைய கூலி என் கையிலிருந்து போனது.

கோடு அப்படியே பளிச்சென்று நேராகத்தான் தெரியும், அதுதான் ஆபத்து. குழாய் தப்பானால் குமிழி கண்ணுக்குத் தெரியும். இது தப்பானால் அழகாகத் தப்பாகும். அதனால் வாரம் ஒரு முறை, இல்லை எங்கேயாவது இடித்தால் உடனே, இப்படிப் பாருங்கள். பதினாறு அடி இடைவெளியில் ரெண்டு சுவர். முதல் சுவர் பக்கத்தில் பெட்டியை வைத்து அதில் ஒரு புள்ளி, பெட்டியைத் திருப்பி எதிர்ச் சுவரில் ஒரு புள்ளி. அப்புறம் பெட்டியை எதிர்ச் சுவர் பக்கம் கொண்டுபோய், கோடு அந்தச் சுவரில் ஏற்கெனவே வைத்த புள்ளியில் விழுகிற மாதிரி உயரத்தைச் சரி செய்து, திருப்பி, முதல் சுவரில் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். பழைய புள்ளிக்கும் இதற்கும் ஒரு நூலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெட்டியை மூடி வைத்துவிட்டு ரிப்பேருக்கு அனுப்புங்கள். எனக்கு ரிப்பேருக்கு 1,200 ரூபாயும் மூணு வாரமும் ஆனது. அந்த மூணு வாரமும் சித்தப்பா குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்த நடை இருக்கிறதே, அதை எழுத இடம் போதாது.

குறைகளில் இன்னும் ரெண்டு. வெயிலில் கோடு தெரியாது. சிவப்பை விடப் பச்சை நம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்பது உண்மைதான், வீட்டுக்குள்ளே வித்தியாசம் தெரிகிறது, ஆனால் பதினோரு மணிக்கு மேல் காம்பவுண்டு வேலையில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. அதற்கு, கண்ணுக்குத் தெரியாத கோட்டைப் பிடித்துக் காட்டும் ரிசீவர் தனியாக வாங்க வேண்டும். இன்னொன்று தூசி. கண்ணாடியில் சிமென்ட் தூசி படிந்தால் கோடு விரல் மொத்தத்துக்கு வரும், ஒருத்தன் கோட்டின் மேல் விளிம்பில் மார்க் செய்வான், இன்னொருத்தன் கீழ் விளிம்பில், அங்கேயே ஒரு நூல் காலி. ஆயுத பூஜைக்கு மறுநாள் சீலிங் ஆள் வந்து கோடு ஒரு பக்கம் வரவே இல்லை என்றான், போய்ப் பார்த்தால் எங்கள் சித்தாள் அக்கா கண்ணாடிக்கு நடுவில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமமும் வைத்திருந்தார்கள். பக்தியைக் குறை சொல்ல முடியாது. அப்புறம், சைட்டிலேயே தங்குகிற வாட்ச்மேன் குடும்பத்துக் குழந்தைகள் இந்தப் பச்சை வெளிச்சத்தைத் தேடி வரும், நேராகக் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் பெட்டியிலேயே எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

இப்போது எனக்குப் பிடித்த இடம். பாத்ரூம் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடத் தரைக்குக் கொடுக்கிற சரிவு. பெட்டி மட்டம்தான் காட்டும், வாட்டம் காட்டாது, அதனால் கோட்டிலிருந்து டேப்பைக் கீழே பிடித்து அளந்து இறங்க வேண்டும். ஆறடிக்கு ஆறேழு நூல் இறக்கம் கொடுப்பேன். குறைந்தால் தண்ணீர் நிற்கும், ரொம்பக் கூடினால் பக்கெட் வழுக்கும், வயசானவர்களும் வழுக்குவார்கள். முன்பு இதில் பாதி கை அனுபவம், பாதி சாமி விட்ட வழி. இப்போது நாலு மூலையும் நானி டிராப்பும் (தரைத் தண்ணீர் வெளியே போகிற ஓட்டை) எத்தனை நூல் என்று சுவரிலேயே பென்சிலில் எழுதிவிடுகிறேன். டைல்ஸ் ஒட்டி, காய்ந்து, கிரவுட் போட்ட பிறகு ஒரு மக் தண்ணீரைத் தூர மூலையில் ஊற்றுவேன். தண்ணீர் முதலில் யோசிக்கிற மாதிரி ஒரு நிமிஷம் அகலமாகப் பரவும், அப்புறம் ஓரங்களைச் சுருட்டிக்கொண்டு ஒரே வாலாக டிராப்பை நோக்கிப் போகும். பின்னால் ஒரு சொட்டு தேங்காது. பீகார்ப் பையன்களும் சித்தப்பாவும் நானும் வாசலில் குனிந்து நின்று அதைப் பார்ப்போம், வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரர்கள் மாதிரி இருக்கும். பத்தொன்பது வருஷத்தில் எனக்கு இந்தத் தொழில் அலுக்காமல் இருப்பதற்கு அந்த ஒரு மக் தண்ணீர் ஒரு காரணம். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள், எலிவேஷனில், வீட்டு முகப்பில், ஒட்டிய கல்லைத்தான் போட்டோ எடுப்பார்கள்.

பிடிக்காத இடம் என்னவென்றால், பெட்டியை ஓனரும் பார்த்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர், "மேஸ்திரி, அதைக் கொஞ்சம் ஆன் பண்ணுங்க" என்றார். நெட்டுக் கோட்டைச் சுவரை உரசுகிற மாதிரி விட்டார். பூச்சு வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், சுவரோடு ஒட்டி வெளிச்சம் விட்டால் உலகத்தில் எந்தச் சுவரும் நேராக இல்லை. இங்கே வயிறு, அங்கே பள்ளம் என்று சாக்பீஸில் வட்டம் போட்டார், எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூணு வட்டம். பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் போய்விடும் சார் என்று எத்தனை வருஷமாகச் சொல்லி வந்தேன், பாதி வட்டத்துக்கு அது உண்மையும் கூட. மீதிப் பாதிக்கு நான் வெட்கப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருப்பிச் செய்தோம், அது நியாயம். ஆனால் அதைக் காட்டி பில்லில் 15,000 பிடித்தாரே, அது நியாயமில்லை.

அதே வீட்டில் பெட்டி என்னைக் காப்பாற்றியும் இருக்கிறது. கிச்சன் கப்போர்டு போட வந்த கார்பெண்டர், கதவு உரசுகிறது, தரை சரியில்லை, மேஸ்திரி வேலை மோசம் என்று ஓனரிடம் போனில் சொல்லிவிட்டான். முன்பு என்றால் இது ஒரு வாரச் சண்டை, கடைசியில் யார் அதிகம் கத்துகிறார்களோ அவர்கள் ஜெயிப்பார்கள். நான் போய் ஒன்றும் பேசாமல் பெட்டியை வைத்தேன். தரை ஒரு மூலையில் அரை நூல். அவன் கப்போர்டு நாலு நூல் சாய்ந்திருந்தது. அவனும் கோட்டைப் பார்த்தான், தலையைச் சொறிந்துகொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். டீ வாங்கிக் கொடுத்தான்.

பேட்டரி நன்றாக நிற்கிறது, ரெண்டு கொடுத்தார்கள், மூணு வட்டமும் எரிந்தால் ஒன்றில் நாலு மணி நேரம் வரும். இது ஏன் முக்கியம் என்றால் ஹொரமாவில் முடித்த வீட்டுக்கு இன்னும் நிரந்தர கரன்ட் வரவில்லை. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஓசி (பிளான்படி கட்டியிருக்கிறது, குடியேறலாம் என்ற சான்றிதழ்) இல்லாத கட்டடத்துக்குக் கரன்ட், தண்ணீர் கனெக்‌ஷன் கொடுக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னதிலிருந்து இந்த ஊரில் இப்படி எத்தனையோ வீடு நின்றுபோனது. பிளானில் இல்லாமல் ஒரு மாடி ஏற்றுங்கள் என்றவர் அந்த வீட்டு ஓனர். வேண்டாம் சார் என்று நான் வாயால் சொன்னேன், எழுதி வாங்கவில்லை, அது என் முட்டாள்தனம். இப்போது கடைசித் தவணை 2,40,000 கேட்டால் "கரன்ட் வரட்டும் மேஸ்திரி, ஹவுஸ் வார்மிங் அன்றைக்கே செட்டில் பண்றேன்" என்கிறார். சனிக்கிழமை பட்டுவாடாவுக்கு என் ஆட்களிடம் நான் அப்படிச் சொல்ல முடியுமா? போன மாசம் வீட்டு நகை ஒன்று அடகுக்குப் போய்த்தான் பட்டுவாடா நடந்தது.

ஆக, பெட்டிக்கு அஞ்சுக்கு நாலு கொடுப்பேன். ஒரு மதிப்பெண் வெயிலுக்குப் போனது. வாங்குகிறவர்கள் கூடவே 500 ரூபாய்க்கு ஒரு நல்ல கிளாம்ப் வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்டூல் மேல் வைக்காதீர்கள், டியூப் மட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள். எங்களுடையது இப்போது லேசர் பெட்டியின் மேலேயே சுருட்டிக் கட்டியிருக்கிறது, கட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ரிசீவரும் விசாரித்துவிட்டேன், 3,500 சொல்கிறார்கள், அடுத்த வேலை காம்பவுண்டு சுவரோடு சேர்த்து என்பதால் வாங்கியே ஆக வேண்டும். ஹொரமாவு வீட்டுக்குக் கரன்ட் வரட்டும், வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.