மூன்று மிதியடிகள்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் வீட்டில் மூன்று வகை மிதியடி புழக்கத்தில் இருக்கிறது. வாசலுக்கு வெளியே தென்னை நார் மிதியடி, அடியில் பிவிசி ஒட்டியது. கதவுக்கு உள்பக்கம் ரப்பர் அடி வைத்த மைக்ரோஃபைபர் மேட். குளியலறை வாசலில் சாதாரணப் பருத்தி மிதியடி. மூன்றும் சில வருடங்களாக ஓயாமல் மிதிபடுகின்றன. வாங்கிய புதிதில் எந்த மிதியடியும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு எடுத்துப் பார்த்தால்தான் அதன் லட்சணம் தெரியும். நான் பார்த்தவரை, மிதிபட்டுத் தேய்ந்து வீணான மிதியடி குறைவு. ஈரம் சரியாகக் காயாமல் கெட்டதுதான் அதிகம்.

தென்னை நாரில் எனக்குக் கொஞ்சம் பிரியம் உண்டு. புதிதில் நார் உதிரும். பெருக்கும்போதெல்லாம் பழுப்புத் துகள் வந்துகொண்டே இருக்கும். நறுக்கிய நாரின் துணுக்குகள் அவை. நாள் போகப் போகத் தானாகக் குறைந்துவிடும், இதற்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. முற்றிய தேங்காய் மட்டையிலிருந்து எடுக்கும் பழுப்பு நாரில், மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னின் என்ற பொருள் அதிகம். அதனால்தான் அந்த விறைப்பு. செருப்படியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி எடுப்பதும், சீக்கிரம் மக்காமல் இருப்பதும் அதனால்தான்.

இதற்குப் பெரும்பாலும் தண்ணீரே வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் போய், நார்ப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, அடிப்பாகத்தில் ஒரு கட்டையால் தட்டுகிறேன். முதல் தட்டில் பொடிக்கற்களும் முடியும் விழும். விடாமல் தட்டினால் மாவு மாதிரி நைசான மண் இறங்கத் தொடங்கும். மேலே எவ்வளவு பெருக்கினாலும் வராத மண் அது. நாரின் வேரில் தங்கி, கால் படும்போதெல்லாம் நாரை அறுத்துக்கொண்டிருப்பதும் அதுதான். இது இறங்குவது நிற்கும்வரை தட்ட வேண்டும். ஈர மண் ஒட்டியிருந்தால் உடனே தேய்க்காதீர்கள். காயட்டும், பிறகு தட்டினாலே உதிர்ந்துவிடும். கறை போகவில்லை என்றால் மட்டும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் பிரஷைத் தொட்டுத் தேய்த்து, சட்டென்று அலசி, சுவரில் சாய்த்து நிறுத்திவிட வேண்டும். வாளியில் ஊறப்போடுவது அறவே கூடாது. தண்ணீர் குடித்த நார் உப்பும், அடியில் இருக்கும் பிவிசி உப்பாது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்து ஓரம் நெளிந்துவிடும். அதில் கால் தடுக்கும். சாயம் போட்ட மிதியடி என்றால் நிறமும் கரையும்.

மைக்ரோஃபைபர் மேட் ஈரத்தை உறிஞ்சுவதில் மற்ற இரண்டையும் தோற்கடிக்கிறது. மயிரிழையைவிட மெல்லிய இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகள்தான் தண்ணீரைப் பிடித்துவைக்கின்றன. அதனால் துணியை மென்மையாக்கும் திரவத்தை இதில் ஊற்றவே கூடாது. அது இழைமேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும். சோப்புத் தூளும் குறைவாகத்தான் போட வேண்டும். சரியாக அலசாத சோப்பு புது அழுக்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். துவைத்த மறுநாளே மேட் கறுக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இந்த வகையில் முதலில் போவது ரப்பர் அடிதான். வெந்நீர், குளோரின் பிளீச், டிரையரின் சூடு, உச்சி வெயில் எதுவும் ரப்பருக்கு ஆகாது. பச்சைத் தண்ணீரில் துவைத்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி கொடியில் போடுகிறேன். இப்போதைய மேட் இன்னும் வழுக்காமல் பிடித்து நிற்கிறது. இதற்கு முன்னால் வாங்கியதையும் இதே மாதிரிதான் பார்த்துக்கொண்டேன். ஆனால் அதன் ரப்பர் பூச்சு மெலிசு. சீக்கிரமே வெடிப்பு விட்டு, ஈரக் காலில் கறுப்புத் துணுக்காக ஒட்ட ஆரம்பித்தது. வாங்கும்போதே அடிப்பாகத்தை மடித்துப் பார்த்துவிடுவது நல்லது. மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் நான் அதை எடுக்க மாட்டேன். ரப்பர் உதிரும் மேட்டை வாஷிங் மெஷினில் போட வேண்டாம், துணுக்குகள் ஃபில்டரை அடைத்துவிடும். நல்ல மேட்டையும் தனியாகப் போட்டால் பிழியும்போது மெஷின் ஒரு பக்கம் பாரம் ஏறி ஆடும். கூட ஒரு பழைய துண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வினைல் தரை உள்ளவர்களுக்கு ஒன்று. ரப்பர் அடி வைத்த மேட்டை அதன்மேல் நிரந்தரமாகப் போட்டுவைத்தால் மஞ்சள் கறை விழும். ரப்பரில் கலக்கும் ரசாயனம் வினைலுக்குள் இறங்குவதால் வருவது அது, தேய்த்தால் போகாது.

வாடை வந்தால் பேக்கிங் சோடா உதவுகிறது, காய்ந்த மேட்டில் மட்டும். இரவு தூவிவிட்டுக் காலையில் வேக்குவம் போட்டு எடுத்தால் போதும். அதற்கும் போகாத வாடை என்றால் மேட்டைத் தூக்கிப் பாருங்கள், அடித்தரை ஈரமாக இருக்கும். மழை நாட்களில் தினமும் ஒருமுறை மேட்டைத் தூக்கித் தரையைத் துடைத்துவிடுவதை நான் விடுவதே இல்லை.

பருத்திக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. வெந்நீர், வெயில் எல்லாம் தாங்கும், கொஞ்சம் சுருங்கும். ஆனால் காய நேரம் எடுக்கும் என்பதால் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போட வேண்டும். அடியில் பிடிப்பு கிடையாது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கீழே வழுக்காத வலை விரிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். அடுத்த முறையும் வெளியே தென்னை நார்தான் வாங்குவேன். உள்ளே போடுவதற்கு, ரப்பர் இன்னும் தடிமனாகவும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிற்கும் அளவுக்கு நீளமாகவும் பார்ப்பேன்.