ஆறு ஆண்டுகளாக வாசலுக்கே வரும் மளிகை: ஒரு தாயின் அனுபவம்

எங்கள் வீட்டுக்கு மளிகையும் காய்கறியும் செல்பேசி வழியாக வரத் தொடங்கியது 2020 மே மாதத்தில். கோயம்பேடு சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றிய நேரம் அது. மடிப்பாக்கத்தில் தள்ளுவண்டிக்காரர் வைத்ததுதான் விலை. மகனுக்கு அப்போது மூன்று வயது, இப்போது ஒன்பது. இடையில் மூன்று செயலிகளை மாற்றிப் பார்த்துவிட்டோம்.

சேவையில் பெரிய குறை இல்லை. ஒரு முறை இரவு பத்தரைக்கு மகனுக்குக் காய்ச்சல் கொதித்தது, தெர்மாமீட்டரில் பேட்டரி தீர்ந்திருந்தது. கால் மணி நேரத்துக்குள் புதியது வந்துவிட்டது. மாமியாரின் முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது. அவர் இந்தச் செயலிகளைத் தெய்வமாகவே நினைக்கிறார். செலவு விஷயத்தில் மட்டும், பொருளின் விலையோடு நிற்காமல் பில்லின் அடிப்பகுதியையும் பாருங்கள். கையாளும் கட்டணம், சிறிய ஆர்டர் கட்டணம், மழை பெய்தால் அதற்கும் ஒரு கட்டணம். காய் வாங்கினால் கொசுறாகக் கிடைத்த கறிவேப்பிலை இங்கே தனிப் பாக்கெட், தனி விலை.

இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று மகன் ஒரு நாள் கேட்டான். பக்கத்துத் தெருக்களிலேயே சிறு கிடங்கு வைத்திருக்கிறார்கள், வாங்குபவர் யாரும் உள்ளே போக முடியாது, அதற்கு ஆங்கிலத்தில் இருட்டுக்கடை என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு என்றேன். "அங்கே அல்வா கிடைக்குமா?" என்றான். திருநெல்வேலியில் உறவுக்காரர்கள் இருப்பதன் விளைவு.

அவனுக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டும். வரைபடத்தில் வண்டி எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்று சொல்வான். நான்கு இலக்க எண்ணைக் கதவருகே நின்று ஒப்பிப்பான். ஆறு வயதில், வந்த முட்டைகளில் இரண்டு உடைந்திருப்பதைப் பார்த்து, என்னைக் கேட்காமலே படம் பிடித்து அனுப்பிப் பணத்தைத் திரும்ப வரவழைத்தான். கெட்டிக்காரன் என்று அலுவலகத்தில் பெருமையடித்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறைக்குக் கோவில்பட்டியில் என் அம்மா வீட்டுக்குப் போனபோது அந்தப் பெருமை கொஞ்சம் ஆட்டம் கண்டது. அம்மா மஞ்சப்பையைக் கையில் கொடுத்து, அரைக் கிலோ சீனியும் ஒரு தேங்காயும் வாங்கி வரச் சொன்னார். தெருமுனைக் கடைதான். அரை மணி நேரமாகியும் ஆளைக் காணவில்லை. போய்ப் பார்த்தால், கூட்டத்துக்குப் பின்னால் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தன் முறை தானாக வரும் என்று காத்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் வந்த நான்கு பேர் குரல் கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். "அண்ணாச்சி, எனக்கு" என்று இரண்டு சொல் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கடைக்காரர் மூட்டையிலிருந்து சீனியை அள்ளித் தராசில் போட்டபோது, அது எந்தக் கம்பெனிச் சீனி என்று என்னிடம் கிசுகிசுத்தான். கொசுறாக ஒரு கடலைமிட்டாயைக் கையில் வைத்ததும் பதறிப்போய், "நாங்கள் இதை ஆர்டர் செய்யவில்லையே" என்று திருப்பி நீட்டினான். கடையே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

வீட்டில் உடைத்துப் பார்த்தால் தேங்காய் அழுகல். உடனே என் செல்பேசியைக் கேட்டான், படம் எடுக்க. "படம் எதற்குடா? மூடியை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே காட்டு" என்றார் அம்மா. மறுத்துவிட்டான். "அவரிடம் என்ன சொல்வது, ஆச்சி?" என்று கேட்டான். திட்டுவாரோ என்ற பயம் இல்லை. முகத்தைப் பார்த்துக் குறை சொல்வது எப்படி என்று உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்த கடையில் முகமே கிடையாது. கடைசியில் நானே போய் மாற்றி வந்தேன்.

சென்னைக்குத் திரும்பியதும் செயலியை நீக்கிவிடவில்லை. வேலைக்குப் போகிற வீட்டில் அது நடக்காது. சனிக்கிழமைக் காய்கறியை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டேன். இருநூறு ரூபாயும் பையுமாக மகன் எங்கள் தெரு அண்ணாச்சி கடைக்குப் போகிறான். முதல் மாதம் முற்றல் வெண்டைக்காயும் சதைபிடிக்காத முருங்கையுமாகச் சாப்பிட்டோம். சில்லறையை எண்ணாமல் வாங்கி இரண்டு முறை ஏமாந்தான். ஒரு முறை அவருக்கே பத்து ரூபாய் குறைந்தது, அடுத்த வாரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் முன்பு இங்கேயும் ஒரு தேங்காய் அழுகலாக வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தவன், பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். திரும்பி வந்தபோது கையில் வேறு காய், முகத்தில் கோபம். ஆட்டிப் பார்த்து வாங்காதது உன் தவறு என்று அண்ணாச்சி வாதாடினாராம். மாற்றிக் கொடுத்த காய் பெரியது என்று மேற்கொண்டு இரண்டு ரூபாயும் கேட்டு வாங்கிவிட்டார். "அழுகலைக் கொடுத்தது அவர், காசு கொடுப்பது நாமா?" என்று அன்று இரவு வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கும் சரியான பதில் தெரியவில்லை.

போன வாரம் பால் வாங்கப் போனபோது அண்ணாச்சி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "உங்கள் பையனைக் கொஞ்சம் சொல்லி வையுங்கள் அம்மா. ஒரு தேங்காய்க்குப் பத்துக் காயைக் காதில் வைத்து ஆட்டுகிறான். பின்னால் கூட்டம் நிற்கிறது."