மறதி நோயாளிக்கான ஜிபிஎஸ் கடிகாரம்: நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பின்

டிமென்சியா என்ற மறதி நோய் வந்தவர்களில் பத்தில் ஆறு பேர் ஒரு தடவையாவது வழிதவறிப் போவார்கள் என்கிறது அமெரிக்காவின் அல்சைமர் சங்கம். அப்பா அந்த ஆறு பேரில் ஒருவர். திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்; பின்னேரமானால் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைத் தேடுவார். அதனால்தான், ஆள் நிற்கும் இடத்தை எங்கள் கைத்தொலைபேசிச் செயலியில் காட்டும், சிம் போடும் ஜிபிஎஸ் கடிகாரத்தை வாங்கினோம்.

கையில் கட்டுவதைத் தேர்ந்தெடுத்தது நல்லதாகப் போயிற்று. வாழ்நாள் முழுவதும் இடது கையில் கடிகாரம் கட்டியவர், பழையதைக் கழற்றி இதைக் கட்டியபோது முணுமுணுக்கக்கூட இல்லை. பக்கத்து வளவு மாமிக்குக் கழுத்தில் தொங்கும் வகையை வாங்கினார்கள். மறுநாளே அது பூவரச மரத்தில் தொங்கியது.

சிக்கல் கிணற்றடியில் வந்தது. குளிக்குமுன் கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைப்பது அப்பாவின் பழக்கம். தண்ணீர் புகாது என்று பெட்டியில் எழுதியிருந்தால் அவருக்கென்ன? ஒருநாள் குளித்த கையோடு படலையைத் திறந்து போய்விட்டார். அவர் வீட்டில் பத்திரமாக இருப்பதாகச் செயலி காட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் கட்டை பத்திரமாகத்தான் இருந்தது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்றிக் கோட்டை வாசலில் நின்றவரை ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் ஏற்றி வந்தார். அப்பாவின் கையிலிருந்த எவர்சில்வர் காப்பைப் பார்த்துத்தான் எங்களை அழைத்திருக்கிறார்.

அந்தக் காப்பை நகைக்கடையில் செய்வித்தோம். பெயர், "மறதி நோய்" என்ற குறிப்பு, இரண்டு தொலைபேசி இலக்கங்கள். எழுத்து தமிழிலும் சிங்களத்திலும். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, வாசலில் நிற்பவர் தமிழ் வாசிப்பார் என்று இருந்துவிட முடியாது. சார்ஜ் வேண்டாம், ரீலோட் வேண்டாம், சோப்புப் போட்டால்தான் கழலும்.

கடிகாரத்தை ஒரேயடியாகக் குறை சொல்லவும் மாட்டேன். வெட்டவெளியில் ஆள் நிற்கும் ஒழுங்கையைச் சரியாகக் காட்டும். வீட்டுக்குள் செய்மதி சமிக்ஞை மங்கியதும் தொலைபேசிக் கோபுரத்தை வைத்து ஊகிக்கும். அந்த ஊகம் சில இரவுகளில் அப்பாவை டச்சு பே கடலுக்குள் இறக்கிவிடும். கட்டிலில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார், நாங்கள் வியர்த்துப்போய் நிற்போம். வீட்டைச் சுற்றி, தாண்டினால் அறிவிப்பு வரும் எச்சரிக்கை வட்டத்தைப் பெரிதாக்கிய பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. அடிக்கடி இடம் அனுப்பும்படி வைத்தால் பேட்டரி ஒரு நாளைத் தாண்டாது. இப்போது அவர் குளிக்கும் நேரமே சார்ஜ் நேரம். அதுவரை யாராவது படலையடியில் நிற்போம். டேட்டா முடிந்தால் கடிகாரம் சொல்லாமல் ஊமையாகிவிடும், அதையும் கவனிக்க வேண்டும்.

சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் வில்லையையும் பார்த்தோம். அருகே பொருத்தமான கைத்தொலைபேசி போனால்தான் அது இடம் சொல்லும். உல்லாசப் பயணிகள் நிறைந்த நிலாவெளிக்கு அது சரிவரலாம், எங்கள் ஒழுங்கைக்குச் சரிவராது.

செலவே இல்லாத ஒன்று பிரித்தானியப் பொலிஸாரின் ஹெர்பர்ட் படிவம். 1944 நோர்மண்டித் தரையிறக்கத்தில் பங்கெடுத்து, பின்னாளில் டிமென்சியாவுடன் வாழ்ந்த ஜோர்ஜ் ஹெர்பர்ட்டின் பெயரில் அமைந்தது. அண்மைப் படம், மருந்துகள், பழைய வேலையிடம், போகக்கூடிய இடங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் அதன் முறை. துறைமுக வாசல், பத்திரகாளி கோயில், பஸ் நிலையம் என்று நாங்களும் ஒன்று எழுதி, ஓட்டோ தரிப்பிடத்துக்கும் பிரதி கொடுத்திருக்கிறோம். ஆள் காணாமல் போனால் கால் மணி நேரம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் உடனே பொலிஸின் 119. நாள் முழுதும் காத்திருக்கத் தேவையில்லை. பொலிஸார் முதலில் கேட்பது படத்தைத்தான். எங்கள் தாளில் அப்பாவுக்கு மீசை இருக்கிறது. தீபாவளியோடு அதை மழித்துவிட்டார். இந்த வாரம் புதுப் படம் எடுக்க வேண்டும்.